முத்திரை நோட்டும் அக்காவின் மாடும்

பாயகும்பு மாட்டுச் சந்தையில் யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவனும் வாங்குபவனும் கைகோத்து, மேலே கைலியைப் போர்த்தி, நீட்டிய விரல்களைப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். தரகர் ஜாலினுஸ் ஆயுசெல்லாம் அந்த விரல்களால் பிழைத்தவர். அன்று அவர் விற்றது அக்கா நூர்பாயாவின் ஒரே மாட்டை. அவள் மகளுக்குக் கல்யாணம். மினாங்கபாவ் மண்ணில் அது தாய்மாமன் பாடு.

வாங்கிய பஹார் பணத்தையும் கைலிக்குள்ளேயே கொடுத்தான். சந்தையில் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை. பாலத்துக்கு முன்னால், ராணுவச் சோதனை வரிசையில் நின்றபோதுதான் ஜாலினுஸ் மடியைத் தளர்த்திப் பார்த்தார். அத்தனையும், தோற்றுக் காட்டுக்குள் ஓடிவிட்ட புரட்சி அரசு முத்திரை குத்திய நோட்டுகள்! செல்லாதது கிடக்கட்டும், அதை அடக்க ஜாவாவிலிருந்து வந்த அரசுப் படை பார்த்தால் கலகக்காரன் என்று தோலை உரித்துவிடும். மடியை இறுக்கிக்கொண்டு திரும்பினார்.

பின்னாலேயே மாட்டைப் பிடித்தபடி பஹார்.

"பாவி, என்னடா இது?"

"விரல் தொகையைத்தான் சொல்லும் அண்ணே. எந்த அரசாங்கம்னு நீங்க கேட்டீங்களா? கத்தாதீங்க, ரெண்டு பேருமே மாட்டிக்குவோம்."

வரிசை நகர்ந்தது. கீழே போடவும் வழியில்லை. சிப்பாய்களின் கண் எல்லார் கையிலும் இருந்தது. ஜாலினுஸ் சோற்றுப் பொட்டலத்தை எடுத்தார். கருவாட்டுச் சோறு மிச்சமிருந்த வாழையிலையில் நோட்டுகளைச் சுருட்டி, மாட்டின் வாயருகே நீட்டினார்.

"ஏய், அங்க என்ன?" என்றான் சிப்பாய்.

"மிச்சச் சோறுங்க. வித்த மாடு, மனசு கேக்கல."

மாடு சாவகாசமாக மென்றது. கடைவாயில் ஒரு நோட்டின் முனை துருத்திக்கொண்டு நின்றது. சிப்பாய் கிட்டே வந்தான். பஹார் முகத்தில் ஈயாடவில்லை. நாக்கு ஒருமுறை சுழன்று அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஜாலினுஸின் மடியை உதறிப் பார்த்த சிப்பாய், போ என்று தள்ளிவிட்டான்.

பாலம் தாண்டியதும் பஹார் மாட்டோடு தன் பாதையில் போய்விட்டான். கைகோத்து முடித்த பேரத்தை யாரும் கலைப்பதில்லை.

வீட்டு வாசலில் அக்கா காத்திருந்தாள்.

"எவ்வளவுக்குடா போச்சு?"

வாயால் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அவள் தோள்துண்டுக்குள் கையை விட்டு அவள் கையைப் பற்றினார். சந்தைக்கே போகாத அக்கா ஒவ்வொரு விரலாகத் தேடினாள்.

எல்லாம் மடங்கியே இருந்தன.