பீப்பாயில் உறைந்த கருந்துளை

குன்னத்துகால் ஜெஸ்மிக்கு இயற்பியல் டியூஷன் பிழைப்பு, கருந்துளை கிறுக்கு. கல்யாண ஆல்பத்தில்கூட வாய் திறந்தே இருப்பாள். மாப்பிள்ளைக்கு எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஊர் வாசகசாலையில் அன்று சாயங்காலம் அவளுடைய முதல் மேடைப்பேச்சு. மாமியார் செல்லபாய் நிபந்தனை போட்டிருந்தார்: ரப்பர் ஷீட் வேலையை முடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

பீப்பாயில் சேர்ந்த ரப்பர் பாலை வடிகட்டி, டிஷ் என்கிற தட்டுகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆசிட் விட்டால் தனித்தனி ஷீட்டாக உறையும். அவ்வளவுதான் வேலை. ஜெஸ்மியின் மூளைதான் அங்கே இல்லை. பிரபஞ்சம் கைக்குழந்தையாக இருந்தபோதே நூறு கோடி சூரியன் எடையுள்ள கருந்துளைகள் எப்படி வந்தன? செத்த நட்சத்திரத்தில் பிறந்த குட்டிக் கருந்துளை ஒன்று தின்று தின்று அந்த உடம்பு போட நேரம் போதாது. அவசரமாக விழுங்கினாலோ, விழுகிற தீனியின் சூடே மிச்சத் தீனியைத் தள்ளிவிடும். இந்த யோசனையில் ஆசிட்டைப் பீப்பாயிலேயே கவிழ்த்துவிட்டாள்.

பால் முழுக்க ஒரே கட்டி.

“எட்டி, இது என்னவாக்கும்?” செல்லபாய் கட்டியை விரலால் குத்தினார். “ஒரு ஷீட்டாவது உண்டா? மொத்தமும் கழிவு விலைக்குத்தான் போவும். கர்த்தாவே, படிச்ச மருமவ வேணும்னு நானாக்கும் கேட்டது! பேச்சும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.”

“மாமி, நான் பேசப்போறதே இதத்தான். வாயு மேகம் நட்சத்திரமா உடையாம, மொத்தமா இப்பிடி கட்டியாகி கருந்துளை ஆயிருக்கும்னு விஞ்ஞானிகள்ல ஒரு கூட்டம் சொல்லுது. இத அங்க கொண்டு காட்டணும்.”

“எனக்க ரப்பரயா? அப்போ நானும் வாறேன். எவனாவது அடிச்சு மாத்திட்டான்னா?”

வாசகசாலை மேடையில், மேசைமேல் கட்டி. பக்கத்தில் காவலுக்குச் செல்லபாய். கட்டி உறைந்த கதையை ஜெஸ்மி சொன்னாள். இது இன்னும் தீராத வழக்கு, குட்டிகளே வரம்பு மீறித் தின்று பெருத்தன என்று சொல்பவர்களும் உண்டு என்றாள். முதல் கேள்வி மேடையிலிருந்தே வந்தது.

“இங்க ஆசிட்ட விட்டது நீ. அங்க விட்டது ஆரு?”

கூட்டம் சிரித்தது. ஜெஸ்மி சிரிக்கவில்லை, நல்ல கேள்வி. “பக்கத்து கேலக்ஸிக்க வெளிச்சமா இருக்கலாம் மாமி. அது வாயுவ ஆறவிடாது. நல்லா ஆறினாத்தான் துண்டு துண்டா நட்சத்திரமாவும்.”

“அயலத்துக்காரன் லைட்டு போட்டு சல்லியப்படுத்துதது அங்கயும் உண்டா!” செல்லபாய்க்குப் பரம திருப்தி.

திரும்பும் ஆட்டோவில் இருவருக்கும் நடுவே கட்டி உட்கார்ந்திருந்தது.

“நல்லாத்தான் பேசினே. கேட்டியா, நாளைலேருந்து பாலு பக்கம் நீ வரண்டாம்.”

முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ள ஜெஸ்மி ரொம்பப் பாடுபட்டாள்.