செம்போடு ஒரு வாக்கிங்

1. வேலையில் சேர்ந்த புதிதில்

கம்பவுண்டர் வேலை என்றால் ஊசியைக் கொதிக்க வைப்பது, மிக்சர் கலக்குவது என்று நினைத்துத்தான் போடியில் டாக்டரம்மாவின் கிளினிக்கில் சேர்ந்தேன். (மிக்சர் என்றால் அந்தக் காலத்தில் குடிக்கிற மருந்து. இப்போது பார்மசி படித்துவிட்டு வரும் தம்பிகள் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது.) வாக்கிங் போவதும் அந்த வேலையில் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை. எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. எனக்கு முப்பது வயது ஆகவில்லை. வயிற்றுக்கு மட்டும் நாற்பது ஆகியிருந்தது.

ஒரு நாள் பரமசிவம் முதலாளி வந்தார். ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருந்தவர். மலைத் தோட்டக்காரர்கள் மூட்டைகளை அவர் கடையில் இறக்கி, "வித்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்கள். அந்தத் தொழிலில் அவர் போட்ட முதல், அவருடைய பேர்தான்.

"சுகர் ஏறிக்கிட்டே போகுது. மாத்திரையக் கூட்டிக்கிட்டே போக என்னால முடியாது. காலையில அரை மணி நேரம் நடங்க" என்றார் டாக்டரம்மா.

"நடக்குறதா? வீட்டுல ஜீப்பு நிக்குதேம்மா."

"ஜீப்புக்கா சுகர்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பஞ்சு டப்பாவைப் பார்த்தேன்.

"உங்க அண்ணனுக்கு மதுரையில கால எடுத்தாங்களே. அதுக்கு முன்னாடி அவருகிட்டயும் யாரோ நடங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க."

முதலாளி வேட்டியைக் கால்மேல் இழுத்து விட்டுக்கொண்டார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "கம்பவுண்டர், நாளையில இருந்து நீங்களும் இவரோட போங்க. உங்களுக்கும் நல்லது" என்று சொல்லும்போது அவர் கண் என் சட்டைப் பட்டனில் இருந்தது. அது ரொம்பச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது.

2. "எங்கன போறீக?"

மறுநாள் காலை பஜார் வழியாகக் கிளம்பினோம். முதல் கடையிலேயே ஒருவர் எழுந்து வந்துவிட்டார்.

"என்ன மொதலாளி, வண்டி ரிப்பேரா?"

"இல்லப்பா."

"பெறகு எங்கன போறீக?"

"சும்மாதேன்."

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் ஊரில் சும்மா உட்காரலாம், சும்மா படுக்கலாம். சும்மா நடக்க முடியாது. நடக்கிறவன் எங்கேயோ போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒரு ஏலக்காய் முதலாளி, ஜீப்பை வீட்டில் வைத்துவிட்டு, கிளினிக் கம்பவுண்டரோடு, போக இடமில்லாமல் நடக்கிறார் என்றால் ஊர் என்ன நினைக்கும்? ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அவரும் ஆளுக்கு ஆள் சும்மாதான் என்றார். சாயங்காலத்துக்குள் ஜீப்பை விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் வீட்டையும் சேர்த்து விற்றுவிட்டார்கள். மூன்றாம் நாள், பல வருஷ வாடிக்கைக்காரரான ஒரு தோட்டக்காரர் மூட்டைகளை அடுத்த கடையில் இறக்கினார்.

"கம்பவுண்டரு, காலு போனா ஒரு காலுதேன் போகும். பேரு போனா அம்புட்டும் போயிரும்" என்றார் முதலாளி. வாக்கிங் நின்றது. உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் வருத்தமே இல்லை.

3. குடோன்

டாக்டரம்மாவுக்கு வருத்தம் இருந்தது. "நடக்கலைன்னா இனிமே என்கிட்ட வர வேணாம்" என்று சொல்லி அனுப்பினார். முதலாளி யோசித்து, தன் குடோனுக்குள்ளேயே நடக்கத் தொடங்கினார். வெளி ஆள் கண்ணில் பட மாட்டார் அல்லவா? ஆனால் உள்ளே ஆட்கள் இருந்தார்கள். தரையில் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் பெண்கள். முதலாளி அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். சும்மா வரத் தெரியாதவர் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்தார்.

பொறுக்கும் பெண்களில் மூத்தவள் முத்தம்மா. ஒரு நாள், அவரோடு நடக்கப் போன என்னை மடக்கினாள்.

"தம்பி, எங்க மொதலாளிய எங்கிட்டாச்சும் கூட்டிட்டுப் போங்க. செக்கு மாடு மாதிரி சுத்துறாக. எங்களுக்குத் தலை கிறுகிறுங்குது."

"எங்க கூட்டிட்டுப் போறது? வெளிய போனா எங்க போறீகன்னு கேக்குறாகளே."

"ஒரு செம்பக் கையில குடுத்து அனுப்புங்க. விடியக்காலம் செம்போட போற ஆள நிப்பாட்டி, எங்கன போறேன்னு எவன் கேப்பான்?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முத்தம்மா வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நான்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் வீட்டுக்குள் திரும்பி, "ஏய், அந்தப் பித்தளைச் செம்பு எங்க கெடக்கு?" என்று குரல் கொடுத்தார்.

4. ஆற்றங்கரையில் பெரிய மனிதர்கள்

செம்பு அபாரமாக வேலை செய்தது. விடியும் முன்பே, மசமசப்பில் கிளம்பி ஆற்றங்கரைத் தடத்தில் போய்த் திரும்பினோம். எதிரே வந்தவர்கள் மரியாதையாக வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதலாளி வீட்டுக் கக்கூஸ் அடைத்துக்கொண்டது என்று ஒரு வதந்தி கிளம்பியது. "அது பரவால்ல" என்றார் முதலாளி. கக்கூஸ் அடைத்தவரை நம்பி ஏலக்காய் கொடுக்க யாரும் தயங்கவில்லை.

ஒரு மாதத்தில் சுகர் இறங்கத் தொடங்கியது. என் பட்டனும் மூச்சு விட்டது. சேதி முதலாளி குடியிருந்த பெரிய தெருவுக்குள் கசிந்து, மளிகைக்காரர், மில்காரர் என்று சுகர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் செம்போடு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் வெள்ளிச் செம்பே கொண்டுவந்தார்.

அந்தத் தடத்தில் நடந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தடத்தை ஒட்டியிருந்த முத்தம்மா தெருவில் கக்கூஸ் இல்லை, குழாய் இல்லை, பஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் பச்சைப் பிள்ளை தவிர எல்லா வயதுக்காரர்களும் நடந்தார்கள். பையன்கள் ஆற்று மணலில் சடுகுடு ஆடினார்கள். பல்லுப் போன கிழவர்கள்கூட வேலி முள் வெட்டிச் சுமையோடு போனார்கள். பெரிய தெருவில் எல்லா வசதியும் இருந்தது. சுகரும் இருந்தது. முதலாளியின் பேரன் கூப்பிடு தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் போனான். முதலாளியம்மாவுக்குக் கோயிலுக்குப் போகவும் ஜீப்தான். டாக்டரம்மா ஒரே காலையில் ஒரு தெருவுக்கு "நடங்க" என்றும், இன்னொரு தெருவுக்கு "முட்டிக்கு ரெஸ்ட் குடுங்க" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தெருக்காரர்களும் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பெரிய ஞானம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நினைக்க வேண்டிய இன்னொன்றை நினைக்கவில்லை.

5. முத்தம்மாவின் அடிவயிறு

முத்தம்மா கிளினிக்குக்கு வந்தாள். அடிவயிற்றில் வலி, நீர் பிரியும்போது எரிச்சல். அதே வாரத்தில் அவள் தெருவிலிருந்து அதே புகாரோடு வந்த மூன்றாவது பெண் அவள்.

"தண்ணி குடிக்கிறதில்லையா நீங்க யாரும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"குடிச்சா எங்கனம்மா போக? ஆத்தங்கரதேன் எங்களுக்கு இருந்துச்சு. விடியமுன்ன போயிட்டு வந்துருவோம். இப்ப அந்நேரத்துக்குப் பெரிய மனுசக வரிசையா வந்துர்றாக. அவுக செம்பத் தூக்கிக்கிட்டு வெளையாட்டுக்கு வாராக. எங்களுக்கு அது வெளையாட்டா? பொழுது சாயிற மட்டும் அடக்கிக்கிட்டுக் கெடக்கோம்."

டாக்டரம்மா மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் மறுபடியும் பஞ்சு டப்பாவைத் தேடினேன். அது அன்று இருந்த இடத்தில் இல்லை.

"நாளைக்கே நிப்பாட்டச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

"நிப்பாட்ட வேணாந்தாயி. காலு போன எங்க மொதலாளி அண்ணனத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல ஒக்கார வச்சத நானும் பாத்துருக்கேன். விடிஞ்ச பொறவு வரச் சொல்லுங்க. அம்புட்டுத்தேன்."

அன்று சாயங்காலம் கடைக்குப் போய்ச் சொன்னேன். முதலாளி கையில் இருந்த ஏலக்காயை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பொம்பளைக அங்கன வருவாகன்னு நமக்குத் தோணவே இல்லையேய்யா."

"இல்ல மொதலாளி."

"விடிஞ்ச பெறகுன்னா, செம்பு செல்லாதுல்ல?"

செல்லாது. பட்டப்பகலில் பஜார் வழியாகச் செம்போடு போகிறவரை ஊர் பைத்தியம் என்று சொல்லும். வெறுங்கையோடு போனால் திவால் என்று சொல்லும். போகாமல் இருந்தால் கால். இந்த மூன்றில் எதை எடுப்பார் என்று தெரியாமல்தான் அன்று வீடு போனேன்.

மறுநாள் வெயில் வந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். முதலாளியம்மா பழக்கத்தில் செம்பை நீட்டினார். "உள்ள வையி" என்றார் முதலாளி. மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். எப்போதும் எனக்காக நின்று நின்று நடப்பவர் அன்று போன வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

பஜாரில், மூட்டைகளைத் தட்டிக்கொண்டு போன அடுத்த கடைக்காரரே வாசலில் நின்றார்.

"என்ன மொதலாளி, மறுபடியும் நடையா? எங்கன?"

"எங்கயும் இல்லய்யா. எனக்குச் சுகரு. எங்கண்ணன் மாதிரி காலக் குடுக்க மனசில்ல, அதேன் நடக்கேன். ஒமக்கும் இருக்குன்னு கேள்வி. வாரும்."

அந்தச் சீசனில் இன்னும் சில மூட்டைகள் அந்த அடுத்த கடைக்குத்தான் போயின. முதலாளி நடப்பதை விடவில்லை. மற்ற செம்புக்காரர்களும் ஒவ்வொருவராக வெயில் வந்த பிறகு நடக்க மாறினார்கள்; விடியும் முன் ஆற்றங்கரை மறுபடியும் பெண்களுக்கு ஆனது. மழைக்காலம் முடிவதற்குள் அடுத்த கடைக்காரரும் எங்களோடு நடந்தார். வழியெல்லாம் ஏலக்காய் விலையைப் பற்றிச் சண்டை. மூச்சு வாங்காமல் சண்டை போட முடிந்ததே பெரிய முன்னேற்றம் என்று டாக்டரம்மா சொன்னார். பரமசிவம் முதலாளி கடைசிவரை இரண்டு காலோடு இருந்தார்.

மருந்து கொடுக்க வரும் தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். நடங்க என்று சொல்வது சுலபம். அதற்குப் பிறகு நான் அதை யாரிடமும் அப்படியே சொன்னதில்லை. எந்தத் தெரு, எந்த நேரம், அந்த நேரத்தில் அந்த இடம் யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.