மாமனார் குரலில் ஒரு விளையாட்டு

அவள் செய்யும் கணினி விளையாட்டுகளில் யாரும் யாரையும் சுடுவதில்லை. ஒன்றில், பேருந்தில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையாக நீங்கள் கிடப்பீர்கள். எந்தக் கை வந்து எடுக்கும் என்று காத்திருப்பதுதான் ஆட்டம். இன்னொன்றில் வரிசையில் நிற்க வேண்டும். பின்னால் நிற்பவரோடு பேச்சுக் கொடுத்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். சொந்தக்காரர்கள் கொஞ்ச நேரம் பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்பார்கள். கம்பெனி வேலையை உதறிவிட்டு வீட்டிலிருந்தே தனியாக இப்படி விசித்திரங்கள் செய்துகொண்டிருந்தவளுக்குக் 'குடைக்காரி' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

பெயரைச் சூட்டியவர் மாமனார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தூங்கும் நேரம் தவிர வாய்க்கு ஓய்வே கொடுக்காத மனிதர். "நம்ம குடைக்காரி விளையாட்டுல ஜெயிச்சா தோத்த மாதிரி இருக்கும், தோத்தா தூங்கி எழுந்த மாதிரி இருக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவள் புதிதாக எது செய்தாலும் முதல் ஆளாக உட்கார்ந்து விளையாடுகிறவரும் அவர்தான்.

ஒருநாள் காலை முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு போயே போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "அதான்." தண்ணீர் வேண்டும் என்று நினைத்து வாயைத் திறப்பார், "அதான்" என்று வரும். வலித்தாலும் அதான், பசித்தாலும் அதான். புத்தியெல்லாம் தெளிவாக இருக்கிறது, நாம் பேசுவது புரிகிறது, அவருடைய வார்த்தைகளுக்குத்தான் வழி அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர்.

கணவன் அலுவலகம் போய்விடுவான். மாமியாருக்கு மருந்துக் கடையில் வேலை. பகல் முழுவதும் வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். அவர் கட்டில் கிடந்த அறையின் ஜன்னலோரம் தன் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மாலையில் மாமியார் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "எங்க, தண்ணின்னு சொல்லுங்க பாப்போம். தண்... ணி" என்பார். "அதான்" என்று வரும். மாமியாருக்குக் கண் கலங்கும். மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மின்விசிறி நின்றுபோனதில்தான் எல்லாம் மாறியது. ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். அவருக்கு நோய் விவரம் எதுவும் தெரியாது. அவள் பால் காய்ச்சப் போன நேரத்தில் ஏணி மேல் நின்றபடி பேசத் தொடங்கிவிட்டார்.

"யார் சார் இந்த ஒயரிங் பண்ணது? கண்ண மூடிக்கிட்டு பண்ணிருக்கான்."

"அதான்!"

"நான் சொன்னா தொழில் பொறாமைன்னு சொல்வாங்க."

"அதான்..."

"இப்போதைக்கு ஓடும். ரொம்ப நாள் தாங்காது."

"அதான்?"

"பயப்படாதீங்க சார். மாத்தியே குடுத்துடறேன்."

வேலை முடியும்வரை பேச்சு ஓடியது. எலக்ட்ரீஷியன் தன் மச்சானைப் பற்றிய மனக்குறை வரை கொட்டித் தீர்த்துவிட்டார். கிளம்பும்போது அவளிடம், "சார்கிட்ட பேசினா நேரம் போறதே தெரியல. அடுத்தவன் சொல்றதக் காதுல வாங்குற ஆளு இப்ப எங்கம்மா இருக்காங்க?" என்றார்.

அவள் பணத்தைக் கொடுத்து அனுப்பினாள். உள்ளே போனால், மாமனார் தலையணையில் சாய்ந்துகொண்டு, பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி மலர்ந்திருந்தார்.

அன்றைக்கே புது விளையாட்டுக்கு அடி போட்டாள். கடைவாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்ல வருகிறார். மகள் பரீட்சையில் தோற்றுவிட்டு வருகிறாள். மனைவி கோபமாக வருகிறாள். எல்லோருக்கும் நீங்கள் "அதான்" என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும். பொத்தானை எவ்வளவு நேரம் அமுக்குகிறீர்கள், மவுஸை மேலே தூக்குகிறீர்களா கீழே இறக்குகிறீர்களா என்பதைப் பொறுத்துத் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும், ராகம் மாறும். ராகத்தைப் பொறுத்துத்தான் வந்தவர் ஆறுதலடைவதும் கோபித்துக்கொண்டு போவதும்.

"மாமா, இதுக்கு உங்க குரல் வேணும்" என்று கேட்டாள். அவர் "அதான்" என்று முனகிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார். மாட்டேன் என்பது புரிந்தது. அவள் வற்புறுத்தவில்லை. தன் குரலிலேயே பதிவு செய்து, ஒட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. கொஞ்ச நாள் கட்டிலில் படுத்தபடி அந்தக் கூத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மாமனார், ஒரு மதியம் பொறுக்க முடியாமல் இடது கையை நீட்டி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். தொண்டையைச் செருமினார். "அதான்" என்றார், நிறுத்தி, நிதானமாக. என்ன இருந்தாலும் ஆயுசு முழுக்க மைக் முன்னால் உட்கார்ந்தவர் அல்லவா? அடுத்தவர் சொதப்புவதை எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பார்!

அதிலிருந்து தினமும் பதிவு. அவள் நிலைமையைச் சொல்வாள், அவர் ராகம் போடுவார். பிடிக்காவிட்டால் தானே கையை ஆட்டி இன்னொரு தரம் சொல்வார்.

ஒருநாள் சீக்கிரம் வீடு திரும்பிய கணவன், அப்பா தலையில் ஹெட்போனும் வாய்முன் மைக்குமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அவனுக்குச் சுருக்கென்றது.

"அப்பாவோட நோய வச்சு விளையாட்டா? ஊரு கூடிச் சிரிக்கணுமா உனக்கு?"

அந்தப் பயம் அவளுக்குள்ளும் இருந்ததுதான். அவள் பதில் தேடுவதற்குள் மாமனார் இடது கையால் மேசையை ஓங்கித் தட்டினார்.

"அதான்!"

மகன் பள்ளிக்கூட நாளில் கேட்ட அதே அதட்டல். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மாமனார் மவுஸை அவன் பக்கம் தள்ளினார். முதலில் வேண்டாவெறுப்பாக விளையாடியவன், பரீட்சையில் தோற்ற மகள் வந்த இடத்தில் தப்பான ராகத்தைப் போட்டுவிட்டு, அவள் அழுதுகொண்டு போனதும், "இன்னொரு தடவ பாக்கறேன்" என்றான்.

மாமியார் கடைசியாகத்தான் விளையாடினார். விளையாட்டில் வரும் மனைவியை அவரால் சமாதானப்படுத்தவே முடியவில்லை. வெகுநேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நான் இவரு வாயில வார்த்தையத் தேடிட்டு இருந்தேன்டி. முகத்தப் பாக்கவே இல்ல."

மறுநாள் காலை குழம்பில் உப்பு கூடிப்போனதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள். அவர் அதான் அதான் என்று அடுக்க, மாமியார் ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசினார். நோய் வந்தபின் அந்த வீட்டில் நடந்த முதல் சண்டை. சமையலறை வாசலில் நின்று கேட்ட மருமகளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தனியாக விளையாட்டு செய்கிறவர்களுக்கென்று ஒரு கண்காட்சி நடந்தது. மாமனாரையும் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனார்கள். கூட்டம் சேர்ந்த நேரம் பார்த்துக் கணினியில் சத்தம் நின்றுபோனது. ஒயரைப் பிடுங்கினாள், மறுபடி செருகினாள். குரல் இல்லாவிட்டால் அந்த விளையாட்டில் வேறு என்ன இருக்கிறது? மேசை முன்னால் உட்கார்ந்திருந்த பெண் எதுவும் தெரியாமல் பொத்தானை அமுக்கினாள்.

"அதா...ன்" என்றது ஒரு குரல். மாமனார்! திரையில் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து, சரியான ராகத்தில், பக்கத்திலிருந்தே சொன்னார். அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள், சிரித்தாள், மறுபடி அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் வரிசை கதவு வரை போய்விட்டது. சத்தம் சரியான பிறகும் யாரும் கணினிக் குரலைக் கேட்கத் தயாராக இல்லை. விளையாடி முடித்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவரோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த மனிதர், தொண்டை கட்டும் அளவுக்குப் பேசினார்.

பரிசு வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர்கள் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. வரிசையில் நின்ற ஓர் அம்மா அவளைத் தனியே கூப்பிட்டு, "என் தம்பிக்கும் இப்படித்தான்மா. அவனுக்கு 'போச்சு போச்சு'ன்னு மட்டும்தான் வரும். அத இதுல போட முடியுமா?" என்று கேட்டார். அதற்கு வழி செய்தாள். தங்கள் வீட்டு மனிதரின் சொல்லை யாரும் பதிவு செய்து விளையாட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம். எங்கெங்கிருந்தோ குரல்கள் வரத் தொடங்கின. ஒருவருக்கு "வா வா", ஒருவருக்கு "இல்லப்பா", ஒரு பாட்டு வாத்தியாருக்கு வெறும் "ம்".

சென்ற வாரம் வந்ததில் சொல்லே இல்லை, சிரிப்பு மட்டும்தான். அனுப்பிய மகள், "அப்பாவுக்கு இது ஒண்ணுதான் மிச்சம்" என்று சொல்லியிருந்தாள். சிரிப்பை வைத்துத் துக்கத்துக்கு எப்படிப் பதில் சொல்வது? குடைக்காரிக்குப் பிடிபடவில்லை. மாமனாருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டாள். மாமியார் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரிக்க, அவர் கண்ணை மூடி ஒவ்வொரு சிரிப்பாகக் கேட்டு, விரல் தூக்கித் தூக்கிப் பிரித்துக் கொடுத்தார், மாமியார் வாய்விட்டுச் சொன்னார்: இது அழுகை, இது கேலி, இது போதும் விடு.

"எப்படி மாமா கண்டுபிடிக்கிறீங்க?" என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கினார், இதென்ன பிரமாதம் என்கிற மாதிரி. இப்படி ஒரு தொழிலையும் இப்படி ஒரு வீட்டையும் சேர்த்துக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த சிரிப்பைப் போட்டுவிட்டாள்.