தண்ணீர் குறைந்த நாட்கள்

போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய் பறித்துவிட்டு இறங்கும்போது ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க ஜீப்பு ஓடையோரம் நிற்கும். அலுப்புத் தாங்காமல் நான் போய் உட்காரும் உடைந்த கல், ஒரு காலத்தில் தண்ணீர் மில்லில் மக்காச்சோளம் அரைத்த கல். சக்கரம் மக்கிப்போய்விட்டது, சுவரை உண்ணிச்செடி மூடிவிட்டது, ஈரக் கல்லின் வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. கண் சொக்குவதற்குள் டிரைவர், "ஏறுங்கக்கா, நேரமாச்சு" என்பான்.

நான் சிறுமியாக இருந்தபோது வாரம் ஒருமுறை அம்மா சோளத்தைச் சுமந்துகொண்டு என்னையும் இங்கே கூட்டி வருவாள். ஓடை சக்கரத்தில் விழ, தரை அதிர, கல் கறகறவென்று சுற்றச் சுற்ற, மாவுத்தூசி எங்கள் புருவத்தில் படிந்துகொண்டே இருக்கும். கோடையில் தண்ணீர் குறைந்தால் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள்.

"இன்னைக்கு வெரசா முடியாது ஆத்தா" என்பார் மில்லுக்காரர்.

"மெதுவாத்தேன் ஓடட்டுமேண்ணே" என்று சொல்லிவிட்டு அம்மா சுவரில் சாய்ந்து தூங்கிப்போவாள். வீட்டில் அவள் பகலில் கண் மூடி நான் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமென்று ஒருநாள் வாய்க்கால் பலகையை நகர்த்தித் தண்ணீரை மேலும் குறைத்தேன். மில்லுக்காரர் பார்த்துவிட்டு, பலகையைத் தொடாமல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

பிறகு ஊருக்குள் கரண்டு மில் வந்தது. இனி மலையேற வேண்டாமென்று எல்லோருக்கும் சந்தோஷம். முதல் நாள் சோளத்தைக் கொடுத்துவிட்டு, அம்மா சாய்ந்து உட்கார ஒரு சுவர் தேடினாள். அதற்குள் மாவு வந்துவிட்டது.