கஞ்சிக்குச் சேர்ந்தவர் பேரன்

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, ரோட்டை ஒட்டி இருந்த ஒரு பருத்தி மில்லில் எனக்கு ஆயில்மேன் வேலை. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்து, பஞ்சைப் பொதி கட்டி அனுப்பும் மில் அது. எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை மிஷின் மிஷினாகப் போய், தேய்கிற இடத்திலெல்லாம் எண்ணெய் விட வேண்டும். பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லைதான். ஆனால் இருபத்துநாலு வயது, புதுக் கல்யாணம், கையில் மாதச் சம்பளம். ஊருக்குள் நடந்தால் நெஞ்சு எனக்கு முன்னால் போகும்.

எங்கள் ஊர் மில்லிலிருந்து மூன்று மைல். ஊர் முழுக்கக் கத்தோலிக்கர்கள். சுற்றுப்பட்டியில் எங்களை வேதக்காரர்கள் என்பார்கள். மில்லில் வேதக்காரன் நான் ஒருத்தன்தான்.

எனக்கு மேலே எஞ்சின் டிரைவர் ஒருவர் இருந்தார். சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். தொழிலை ஒளிக்காமல் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த வாய் இருக்கிறதே! மத்தியானம் மணி அடித்ததும் எல்லோரும் புளியமரத்தடியில் வட்டமாக உட்காருவோம். நான் தூக்குச்சட்டியைத் திறப்பேன். உள்ளே கம்மங்கஞ்சி. அந்த வட்டத்தில் பாதிப் பேர் கொண்டுவருவதும் அதுதான். இருந்தாலும் என் சட்டியைப் பார்த்துத்தான் அவர் ஆரம்பிப்பார்.

"என்னலே, இன்னைக்கும் வேதத்துக் கஞ்சியா? ஒரு அகப்பை கஞ்சிக்குக் குலசாமிய வித்த பரம்பரையாச்சே, வேற என்ன கொண்டாருவ!"

எல்லோரும் சிரித்தார்கள். முதல் நாள் நானும் சிரித்தேன். அங்கேதான் கெட்டது காரியம். நாமே பல்லைக் காட்டினால் எதிராளிக்கு லைசென்ஸ் கொடுத்த மாதிரி. ஒரு மாதத்துக்குள் என் பெயரே மில்லில் மறந்துபோனது. "ஏலே கஞ்சி, அங்கன அந்த பேரிங்கப் பாரு", "ஏலே கஞ்சி, பெல்ட்டு நழுவுது பாரு" என்று கணக்குப்பிள்ளைகூடக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எங்க தாத்தா ஒண்ணும் கஞ்சிக்காகச் சேரலண்ணே, பஞ்சத்துக்கு முன்னாடியே சேந்தவரு" என்று சொன்னேன். அது பச்சைப் பொய். அதற்கும் அறுபது வருசம் முந்தின தாது வருசப் பஞ்சத்தில் பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் வாரிக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேதக்கோயில் சாமியார் ஊற்றிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவர் என் தாத்தா. தோளில் கிடந்த அந்தப் பிள்ளைதான் என் அப்பா. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. அதைத்தான் நான் மரத்தடியில் உட்கார்ந்து மறுத்தேன். டிரைவருக்கு என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அன்றைக்குச் சிரிப்பு இரட்டிப்பானது.

அப்புறம் நான் ஒரு கோழை வேலை செய்தேன். மணி அடித்ததும் மரத்தடிக்குப் போகாமல் தூக்குச்சட்டியோடு மில்லுக்குப் பின்பக்கம் போவேன். அங்கே பருத்திக்கொட்டை மலை மாதிரி குவிந்து கிடக்கும். அதன் மறைவில் கஞ்சியை மண்ணில் கொட்டிவிட்டு, சட்டியைக் கழுவி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன். மறைவில் உட்கார்ந்து குடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். குடிக்கப் பிடிக்கவில்லை. அந்தக் கஞ்சியைப் பார்த்தாலே ஆத்திரம் வந்தது. டிரைவர் மேல் வரவேண்டிய ஆத்திரம் கஞ்சி மேல் வந்தது, அவ்வளவுதான்.

இப்படியே இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு சந்தை நாள். மத்தியானம் நான் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் என் மனைவி நிற்கிறாள். தலையில் சந்தைக் கூடை. போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள்.

அவள் என்னையும் பார்க்கவில்லை, சட்டியையும் பார்க்கவில்லை. மண்ணில் ஊறிக்கொண்டிருந்த கஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெதமும் கட்டியெல்லாம் ஒங்களுக்கு ஊத்தி விட்டுட்டு, மேலாக்க நிக்கிற தண்ணியக் குடிச்சிட்டுத்தேன் நான் களையெடுக்கப் போறேன். நீங்க மண்ணுக்கா ஊத்துறீக?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. அவள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. டிரைவர் பேசியதையெல்லாம் அவளிடம் கொட்டினேன். அய்யோ பாவம் என்பாள் என்று நினைத்தேன். அவளா?

"ஒங்க தாத்தா நாலு பேரு வாய்க்குப் பயந்திருந்தா நீங்க ஏது, ஒங்க அப்பா ஏது? அவுக குடிச்சாக, புள்ளைக்கும் குடுத்தாக. வெக்கப்படாமக் குடிச்சாக. நீங்கதேன் கொட்டுறீக."

கூடையைச் சரி செய்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அன்றைக்கு வீட்டிலும் பேசவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலக் கட்டியான கஞ்சியைச் சட்டியில் ஊற்றி, ஒரு துண்டுக் கருவாட்டையும் வைத்து, என் கையில் கொடுத்தாள்.

மூன்று மைலும் ஒரே யோசனை. டிரைவர் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் சீட்டு கிழிந்துவிடும். ஆயில்மேன் வேலைக்கு வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். பேசாமல் இருந்தால் வேலை மிஞ்சும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

மணி அடித்தது. புளியமரத்தடிக்குப் போய், டிரைவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, சட்டியைத் திறந்தேன். அவரும் விட்ட இடத்தில் தொடங்கினார்.

"அட, கஞ்சி வந்துட்டாண்டா! குலசாமிய வித்த கஞ்சி!"

அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆமாண்ணே. கஞ்சிக்குத்தேன் சேந்தாரு எங்க தாத்தா. அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. பொண்டாட்டியும் ரெண்டு புள்ளைகளும் செத்துப்போச்சு. இருந்த ஒத்தப் புள்ளையத் தூக்கிட்டு வந்து நின்னாரு. கஞ்சி ஊத்துனாக, புள்ள பொழைச்சுச்சு. ஊத்துனவரு கும்புட்ட சாமிய அவரும் கும்புட்டாரு. இதுல எங்கனண்ணே கேவலம் இருக்கு? எனக்குன்னு ஒரு பேரு இருக்கு. இனிமே அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுங்க. இல்லாட்டி நான் திரும்ப மாட்டேன், பெல்ட்டு அறுந்தாலும் சரி."

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் முகம் சிவந்துவிட்டது. "வாய் நீளுதுலே" என்று எழுந்தேவிட்டார். தொலைந்தது வேலை என்றுதான் நினைத்தேன்.

அப்போது பருத்தியில் தூசி தும்பு பொறுக்கும் பெண்கள் கூட்டத்திலிருந்து ஓர் அம்மாளின் குரல் வந்தது. அறுபத்தைந்து வயதிருக்கும். வேலைக்கு வந்தால் வாயைத் திறக்காத மனுசி.

"ஏப்பா டிரைவரு, நானும் அந்த வரிசையில நின்னவதேன். ஆறேழு வயசு எனக்கு. ஒங் குலசாமி எதுன்னு கேட்டா ஊத்துனாரு அந்தச் சாமியாரு? குடிச்சிட்டு நாங்க எங்க சாமிகிட்டப் போனோம், இவுக ஆளுக அங்கனயே இருந்துக்கிட்டாக. எங்கள ஒரு நாளும் நீ கேட்டதில்லையே?"

சொல்லிவிட்டு அந்த அம்மாள் தன் கூழைக் குடிக்க ஆரம்பித்தாள். டிரைவர் நின்றார், அப்புறம் உட்கார்ந்தார். நான் என் கஞ்சியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அன்றைக்கு இருந்த ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

டிரைவர் மேனேஜரிடம் போகவில்லை. ஆனால் என் பெயரையும் சொல்லவில்லை. "இந்தாப்பா", "ஏய்" என்று பத்து நாள் ஓட்டினார். பெயர் சொல்லாவிட்டால் திரும்ப மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே, நானும் திரும்பவில்லை. அவர் பக்கத்தில் வந்து விரலால் காட்டுவார், நான் போய் எண்ணெய் விடுவேன். ஊமைக்கூத்துதான் போங்கள். ஆனால் கஞ்சி என்று கூப்பிட அப்புறம் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

அடுத்து பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு எங்கள் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்ததும் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவது வழக்கம். மில்லில் ஒருவர் விடாமல் கூப்பிட்டேன். டிரைவரையும் கூப்பிட்டேன். "கஞ்சி குடிக்க வாங்கண்ணே" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அந்த அம்மாளோடு பதினைந்து பேர்போல வந்தார்கள். நானும் என் மனைவியும்தான் அவர்களுக்கு ஊற்றினோம். டிரைவர் வரவில்லை.

நான் விடுவேனா? மறுநாள் காலையில் கோயில் கஞ்சியை ஒரு தனிச் சட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானம் அதை அவர் முன்னால் வைத்தேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வாயில் வைத்ததை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் தூக்குவாளியின் மூடியைக் கழற்றி நீட்டினார். ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"உப்பு கொஞ்சம் கம்மிதேன்" என்றார். அதோடு என் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அப்படியே சொன்னார்.

மன்னிப்பா? அதெல்லாம் அந்த மனிதர் வாயில் வராது. எனக்கும் தேவைப்படவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "உப்பெல்லாம் சரியாத்தேன் இருந்துச்சு" என்றாள். அன்றிலிருந்து கட்டியும் தண்ணியும் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சரிபாதி.

இப்போது எனக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் பூர்வீகம் என்னவென்று கேட்கும்போது, வீட்டில் மற்றவர்கள் நிலம், தோட்டம் என்று ஆரம்பிப்பார்கள். நான் மட்டும் இன்றைக்கும் என் தாத்தா நின்ற அந்தக் கஞ்சி வரிசையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.