மட்டம் பார்க்கிற டெல்மர்

டெல்மர் ஹாஸ்கின்ஸ் காபிக் கடையில் உட்கார்ந்ததும் முதலில் கரண்டியால் ஒரு சொட்டு காபி எடுத்து மேசைமேல் விடுவார். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கன்னம் மேசையில் படும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார். அப்புறம்தான் கோப்பையைத் தொடுவார்.

"கதவுப் பக்கம் கால் அங்குலம் சாயுது."

"போன செவ்வாக்கிழமையும் சாஞ்சுதான் இருந்துச்சு டெல்மர்" என்பாள் பரிமாறுகிற பெண், கையில் துடைக்கிற துணியோடு. அதற்குள் அவர் பாதிக் காபியைக் குடித்துவிட்டுக் கதவருகே போயிருப்பார். முழுக் கோப்பையையும் அவர் குடித்து முடித்ததை அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. உயரமான, ஒட்டிய உடம்பு. மேற்கு ஓக்லஹோமாவின் சிவப்பு மண் அவர் நகத்துக்குள் ஏறி, கழுவினாலும் போகாத நிறமாகிவிட்டது. சரிவான வயல்களில் மழைநீர் மண்ணை இழுத்துக்கொண்டு ஓடாதபடி, சரிவுக்குக் குறுக்கே அகலமான வரப்பு போட்டுக் கொடுப்பது அவர் தொழில். முக்காலியில் மட்டக்கருவியை வைத்து அவர் பார்ப்பார். அவர் மனைவி நேவா அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வயலில் நிற்பார். டெல்மர் கையை மேலே ஆட்டினால் மேலே போக வேண்டும், கீழே ஆட்டினால் கீழே இறங்க வேண்டும். சரியான இடம் வந்ததும் நேவா அங்கே ஒரு முளை அடிப்பார். அதன் தலையில் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்த துணி ஒன்றைக் கட்டுவார். "எங்க வீட்டுல முழுசா ஒரு விரிப்பு கிடையாது. இந்த வட்டாரத்து வயலெல்லாம் தேடி ஒட்டுப்போட்டா ஒருவேளை ஒண்ணு தேறும்" என்பார் நேவா.

முளைகள் நேராக நிற்பதில்லை. ஒரே உயரத்தில் போகும் கோடு மேட்டைச் சுற்றி வளையும், தாழ்வு வந்தால் உள்ளே நுழைந்து மறுபடி வெளியே வரும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதுதான் சங்கடம். ரோட்டில் போகிறவர்கள் ஒரு விவசாயியை அவன் உழவுச் சால்களை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். சால் நேராக இருந்தால் ஆள் நேரானவன்.

"டெல்மர், குடிச்சிட்டுத்தான் கோடு போட்டியா?" என்று கோதுமைக் கிடங்கின் வாசலில் கேட்பார்கள்.

"குடிச்சது நான் இல்லப்பா, அந்த மேடு."

இப்படிச் சொல்லிவிட்டு நிற்கமாட்டார். நிற்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. சாப்பிடும்போது பாதி நேரம் ஜன்னலருகே இருப்பார். தேவாலயத்தில் கடைசி வரிசைதான் அவர் இடம். பிரசங்கத்தின் நடுவில் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு வயலில் வேலை முடியும் முன்பே அடுத்த வயல்காரருக்கு நேரம் சொல்லியிருப்பார். மண்ணைத் தள்ளி வரப்பாக்குகிற கிரேடர் எந்திரம் சூடு ஆறாமல் வயல் விட்டு வயல் போகும். நாற்பது வயல்களுக்கு மேல் வரப்பு போட்டிருக்கிறார். எந்த வயலில் எந்த இடத்தில் எறும்புப் புற்று இருந்தது என்பதுகூட அவருக்கு நினைவிருக்கும்.

ஏழு வருஷம் இங்கே சரியாக மழை இல்லை. புழுதி பறந்தது. மாடுகளைக் கிடைத்த விலைக்கு ஏற்றி அனுப்பினார்கள். புதன்கிழமை தோறும் தேவாலயத்தில் மழைக்காக ஜெபம் நடந்தது. டெல்மரும் மண்டியிட்டார். ஆனால் கண்ணை மூடும்போதெல்லாம் ஒரே ஒரு வயல்தான் அவர் முன்னால் வந்து நின்றது. எர்வின் பெல்லரின் வயல், அதில் மேலிருந்து மூன்றாவது வரப்பு.

மூன்று கோடைக்கு முன்னால் அந்த வயலுக்கு முளை அடித்துவிட்டு, நான்கு நாள் கழித்துக் கிரேடரோடு திரும்பி வந்தார். மூன்றாவது கோட்டில் தாழ்வு வருகிற இடத்தில் எந்திரம் நேராக, சுகமாக ஓடியது. 'இங்கே ஒரு வளைவு இருந்ததே' என்று அவருக்குத் தோன்றியது. முளைகளைப் பார்த்தார். நேவாவின் நீலப்பூத் துணிதான் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அடித்த முளைகள்தான். சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு வயலில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் எந்திரத்தை நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து அந்த வயலைத் தாண்டும்போது அவர் பிக்கப் வண்டி மெதுவாகும். இறங்கிப் பார்த்ததில்லை. இறங்கினால் தெரிந்துவிடும். பெய்ததெல்லாம் தூறல்தான், வரப்பைச் சோதிக்கிற மழை எதுவும் வரவில்லை.

போன மே மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேற்கே இடி கேட்டது. டெல்மர் சோள ரொட்டியைக் கையில் பிடித்தபடியே எழுந்துவிட்டார்.

"உக்காரு. இடி இன்னும் பத்து மைல் தள்ளி இருக்கு" என்றார் நேவா.

"எர்வின் வயலுக்குப் போய்ட்டு வரேன்."

"மூணு வருஷமா அந்த இடம் வந்தா வண்டி மெதுவாகுது. எனக்குக் கண்ணு இல்லையா? அங்க என்ன இருக்கு?"

"தெரியல."

"தெரியலையா, தெரிஞ்சுக்கப் பிடிக்கலையா?"

டெல்மர் மட்டக்கருவியை எடுத்தார். நேவா அடுப்பை அணைத்துவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்த அளவுகோலைத் தோளில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

கோதுமை இடுப்பளவு நின்றது. ஏழு வருஷத்தில் எர்வினுக்கு வாய்த்த முதல் நல்ல பயிர். நேவா மூன்றாவது வரப்பின் உச்சியில் பத்து எட்டுக்கு ஒருமுறை கோலை நிறுத்தினார். டெல்மர் கண்ணை வைத்துப் பார்த்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். தாழ்வுக்கு வந்ததும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"எவ்வளவு?" என்று நேவா அங்கிருந்தே கேட்டார்.

"ஒண்ணே கால் அடி. கீழ இருக்கு."

எர்வின் கொட்டகையிலிருந்து வந்தார். கட்டையான, மெதுவாக நடக்கிற மனிதர்.

"மழை வர நேரத்துல புருஷனும் பொண்டாட்டியும் என்ன அளக்கறீங்க?"

"இங்க ஒரு வளைவுக்கு முளை அடிச்சிருந்தேன் எர்வின். அது எங்க போச்சு?"

எர்வின் ஒரு கதிரைக் கிள்ளிக் கசக்கினார்.

"பதினொரு முளை" என்றார். "பதினொண்ணுதான் மாத்தினேன். ரோட்டுலேர்ந்து பாத்தா எருமை புரண்ட படுக்கை மாதிரி இருந்துச்சு டெல்மர். எங்கப்பா இந்த ரோட்டோரம் முப்பது வருஷம் நூல் பிடிச்ச மாதிரி உழுதவரு. போறவன் வரவன்லாம் வண்டியை நிறுத்திச் சிரிப்பான். சும்மா கொஞ்சம் நேராக்கினேன். மண்ணுதானே, என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன்."

"நீ மாத்தினது தப்பு. நான் பாத்துட்டு ஓட்டினது அதைவிடப் பெரிய தப்பு."

"பாத்தியா நீ?"

"பாத்தேன். அவசரம். நிக்கல."

எர்வின் அவர் முகத்தைப் பார்த்தார்.

வயலுக்குக் கீழே ஓபல் ட்ரேவிஸ் என்ற பெண்மணியின் மேய்ச்சல் நிலம். அறுபது பசுக்கள், ஒரே ஒரு குட்டை. அந்தக் குட்டை வறண்டு மூன்று வருஷமாக ஓபல் ஊரிலிருந்து லாரியில் தண்ணீர் ஏற்றி மாடுகளைக் காப்பாற்றி வந்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் அதை ஆழப்படுத்தியிருந்தார். மூன்றாவது வரப்பு உடைந்தால் அந்தத் தண்ணீர் நாலாவதையும் ஐந்தாவதையும் உடைத்துக்கொண்டு, எர்வினின் மண்ணையெல்லாம் அந்தக் குட்டைக்குள் கொண்டுபோய்க் கொட்டும்.

வயலில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்துவிட்டு ஓபல் வேலிக்கு வந்தார். கோபம் இருந்தால்தான் அவர் யாரையும் மரியாதையாகக் கூப்பிடுவார்.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், என் தலைக்கு மேல நின்னுக்கிட்டு என்ன கண்டுபிடிச்சீங்க?"

டெல்மர் வேலிவரை இறங்கிப் போய்ச் சொன்னார். எர்வின் முளையை மாற்றியதை அவர் சொல்லவில்லை. "வரப்பு ஒண்ணே கால் அடி தாழ்வா இருக்கு. போட்டது நான். உன் குட்டைக்கு ஆபத்து" என்றார்.

"முளையை நகத்தினது நான் ஓபல்" என்று பின்னாலிருந்து எர்வின் குரல் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் அப்புறம் பங்கு போட்டுக்கங்க. மண்வெட்டி எங்க இருக்கு?"

முதல் துளிகள் விழுந்தபோது நாலு பேரும் தாழ்வில் மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தது தூறலல்ல. ஏழு வருஷத்துப் பாக்கி முழுவதும் ஒரே மணி நேரத்தில் இறங்குவதுபோல் இருந்தது. மண் கனத்தது, மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. டெல்மர் இங்கும் அங்கும் ஓடினார். வரப்பின் கிழக்கு முனையில், உபரி நீர் வடிவதற்காக விட்டிருந்த புல் வாய்க்காலுக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்க்க ஓடுவார். போகவில்லை. எல்லாம் தாழ்வுக்குத்தான் வந்து சேர்ந்தது. திரும்பி ஓடிவந்து மண் வெட்டுவார்.

"உச்சிக்கு இன்னும் நாலு விரல்" என்றார் நேவா. கோலை இன்னும் கையில் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு" என்றார்.

"இனிமே போடற மண்ணு நிக்காது" என்றார் ஓபல். கீழே தன் குட்டையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மழையில் அது தெரியவில்லை.

தாழ்விலிருந்து மேற்கே நாற்பது எட்டில் எர்வினின் எல்லை வேலி. அங்கே வரப்பு முடிந்து, வேலியை ஒட்டி ஒரு மண் அணை அந்தத் தண்ணீரைத் தடுத்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் டெல்மரின் சொந்த நிலம், வேறு பக்கமாகச் சரிகிறது. அவரும் நேவாவும் சேர்ந்து விதைத்த பருத்தி நாலு இலை விட்டிருந்தது. நாற்பது வயல்களுக்கு வரப்பு போட்டவருக்குத் தன் வயலுக்குப் போட இன்னும் நேரம் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும், "அறுவடை முடியட்டும்" என்பார்.

டெல்மர் வேலியைப் பார்த்தார். பிறகு நேவாவைப் பார்த்தார். நேவா நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டு, "ரெண்டு விரல்" என்றார்.

அவர் மண்வெட்டியோடு மேற்கே ஓடினார். அணையில் முதல் வெட்டு விழுந்ததும் எர்வினுக்குப் புரிந்துவிட்டது.

"அது உன் பருத்திடா. டெல்மர், நில்லு. உடைஞ்சா உடையட்டும், என் மண்ணுதானே போகும்."

டெல்மர் வெட்டிக்கொண்டே இருந்தார். வெட்டிய வாய் சிறியதாக இருந்தது. பூட்ஸ் குதிகாலால் உதைத்து அகலமாக்கினார். தண்ணீர் ஒருகணம் தயங்கி, பிறகு மொத்தமாகத் திரும்பி, வேலிக் கம்பிகளுக்கு அடியில் சிவப்பாகப் பாய்ந்தது. பருத்தியின் முதல் வரிசை ஆடியது. இரண்டாவது வரிசை படுத்தது. எர்வின் ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றார். ஆனால் தடுப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

டெல்மர் பருத்தியைப் பார்க்கவில்லை. வேலிக்கு முதுகைக் காட்டி, வழுக்கிக்கொண்டே தாழ்வுக்குத் திரும்பி வந்தார். ஒரு கோதுமைத் தாளை ஒடித்து, தேங்கிய தண்ணீரின் விளிம்பில் சரியாக நட்டு, அதன் முன்னால் குந்தினார். மூக்கு நுனியிலிருந்து மழை சொட்டியது. தண்ணீர் தாளை விட்டு ஒரு விரல் அகலம் இறங்கியதும் அதைப் பிடுங்கி, புது விளிம்பில் மறுபடி நட்டார்.