சிராஜுதீன் பாயின் காது

எனக்கு முன்கோபம் என்று ராதாபுரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டைக்கு வந்து கிறிஸ்தவக் கோயிலில் பைப் ஆர்கன் வாசிக்கிற வாத்தியாரிடம், வேலைக்கு வந்த ஒரு ஆள் குறை சொன்னால் சும்மா இருப்பேனா?

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆர்கனுக்குக் காற்று ஊதும் மோட்டார் புகைந்துபோனபோது, தச்சநல்லூரிலிருந்து சிராஜுதீன் பாயைக் கூட்டிவந்தார்கள். தோஹாவில் பதினான்கு வருடம் ஏசி குழாய் மாட்டிவிட்டுத் திரும்பியவர். மோட்டாரைச் சரிசெய்துவிட்டுப் போகாமல், நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே நின்றார். முடித்ததும், இடது பக்கம் மூணாவது குழாய் ஒவ்வொரு தடவையும் விக்கிவிட்டுத்தான் பேசுகிறது என்றார். இருபது வருடமாக வாசிக்கிறேன், எனக்குத் தெரியாத விக்கலா என்று எரிந்து விழுந்தேன். அவர் போனபிறகு தனியாக வாசித்துப் பார்த்தேன். விக்கத்தான் செய்தது.

அடுத்த வாரமே அவருடைய பட்டறைக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து சிநேகிதம். எனக்குச் சுரம் தெரியும், அவருக்குக் காற்று தெரியும். மரக்குழாய்க்கும் ஒரு வாய் உண்டு. அதன் மேலுதட்டை எவ்வளவு வெட்டுகிறோம், அடியில் எவ்வளவு காற்று விடுகிறோம் என்பதில்தான் அதன் குரல் இருக்கிறது. ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டிவிட்டால் போச்சு. இதைப் பற்றியே நாங்கள் மணிக்கணக்காகப் பேசுவதைக் கேட்டு, அவர் வீட்டம்மா முஃபீதா, பொண்ணு பார்க்கப் போறவங்ககூட இவ்வளவு பேச மாட்டாங்க என்று கேலி செய்வார்.

போன வருடம் பெரிய குழாய்கள் நான்கைக் கரையான் தின்றுவிட்டது. ஆர்கனை இறக்கிவிட்டுக் கீபோர்டு வைப்போம் என்றார் கமிட்டிச் செயலாளர் ஜெனோ. புதுக் குழாய் நாங்களே செய்கிறோம் என்று சண்டை போட்டு ஜூலை முதல் சனிக்கிழமை வரை தவணை வாங்கினேன். அதற்குள் நான்கும் பேச வேண்டும், இல்லாவிட்டால் ஆர்கன் கீழே இறங்கிவிடும்.

மே மாத விடுமுறையில் பாயின் பக்கத்திலேயே உட்கார்ந்து மூன்றுக்குக் குரல் வைத்தோம். நாலாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது, எட்டடி. அது முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை பாய் போனில் கூப்பிட்டு, போனைக் குழாய்க்கு முன்னால் பிடித்துக் காட்டினார். சத்தம் எடுத்த வேகத்தில் ஒரு நொடியில் செத்துப்போனது. காற்று பத்தவில்லை, அடித்துவாரத்தைப் பெரிசாக்கும் என்றேன். பெரிசாக்கினார். இப்போது குழாய் ஒரு ஸ்தாயி மேலே தாவிக் கத்திவிட்டு அப்புறம் செத்தது. அப்படியானால் மேலுதட்டை வெட்டும் என்றேன். இங்கன முதலிலேயே நன்றாகத்தான் பேசியது என்று அவர் மெதுவாகச் சொன்னார். உமக்குக் காது இருக்கா இல்லையா என்று கத்தினேன். மறுபடி வெட்டினார். மறுநாளும் கூப்பிட்டார், மறுநாளும் வெட்டச் சொன்னேன்.

தவணைக்கு ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை காலையில் பட்டறைக்குப் போனேன். குழாயிலிருந்து வெறும் மூச்சுதான் வந்தது. உதடு விரல் அகலத்துக்கு மேலே ஏறிப்போயிருந்தது. போனிலும் இப்படித்தானே செத்துப்போனது என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த முஃபீதா நின்று கேட்டார்.

"தோஹாவுல இவங்க மிசின் ரூம்ல நின்னு பேசுவாங்க அண்ணாச்சி. புதுப் போன் வாங்குன பொறவு மிசின் சத்தமே எனக்குக் கேக்காது. நிக்காம வருத சத்தத்தை போனு வெட்டிருமாமே?"

நான் என் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி, உள்ளே இருந்த பாயின் போனுக்குக் கூப்பிட்டேன். பாய், நானும் கூட இருந்து குரல் வைத்த மூன்றாவது புதுக் குழாயைப் போனுக்கு முன்னால் ஊதவிட்டார். சுவரைத் தாண்டி அது கும்மென்று கேட்கிறது. என் கையிலிருந்த போனில் ஒரு நொடி பேசிவிட்டுச் செத்தது.

அட பாவி, பாக்கியசீலா என்று என்னையே திட்டிக்கொண்டேன். நல்ல குழாயை நானே கொன்றிருக்கிறேன். உள்ளே வந்து, நல்லாப் பேசுதுன்னு தெரிஞ்சும் ஏன் வே வெட்டினீர் என்று கேட்டேன்.

"நீங்க சொன்னியல்லா, அண்ணாச்சி."

இதற்குப் பதில் அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். கோபமே இல்லாமல் வெட்டுக்கத்தியை என் பக்கம் நகர்த்தினார். புது உதடு ஒட்டலாம், ஆனால் இனி நீங்களே வெட்டுங்கள், என் காதை என்னால் நம்ப முடியவில்லை என்றார். ஆர்கன் போனாலும் கீபோர்டில் வாசித்துத் தொலைப்பேன். இந்த ஆளின் காதை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

கத்தியைத் திரும்ப அவர் கையில் வைத்து, நான் வாயே திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். தேக்குத் துண்டு ஒன்றை இழைத்து, பசை போட்டு ஒட்டினோம். அது இறுகியபின் ஒரு சீவல் சீவுவார், காற்றுவிட்டுக் கேட்பார், வேண்டுமா என்பதுபோல் என் முகத்தைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன். முதல் நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை, பள்ளிக்கு லீவு போட்டு நான் வந்திருந்த அன்று, பார்க்கவில்லை. அவராகவே கத்தியைக் கீழே வைத்தார்.

சனிக்கிழமை கோயிலில் குழாயை ஆர்கனில் பொருத்தி வாசித்தேன். பேசியது. ஆனால் காலியான கோயிலில் சத்தம் முரடாகக் கேட்டது. ஜெனோ முகத்தைச் சுளித்தார். சத்தியமாவது ஒண்ணாவது, வாயைத் திறந்துவிட்டேன்.

"ஒரு சீவல், பாய். ஒண்ணே ஒண்ணு."

"வேண்டாம்."

"வே, எல்லாம் போயிரும் வே!"

நானே வெட்டுகிறேன் என்று அவர் பையிலிருந்த கத்திக்குக் கை நீட்டினேன். சிராஜுதீன் பாய் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஆளில்லாத ஹாலு வேற, ஆளு நெறைஞ்ச ஹாலு வேற. நாளைக்கு ஜனம் வந்து உக்காரட்டும், அடங்கிரும். நான் வெட்ட மாட்டேன். உங்களையும் விட மாட்டேன்."

ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது, அதே நேரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. நாளை ஆராதனையில் கேட்டு முடிவு சொல்கிறேன் என்று ஜெனோ கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பாய் மேல்மாடத்தில் மோட்டார் பக்கம் நின்றார். கடைசிப் பாட்டின் முடிவில் அந்தக் குழாயின் மிதியை அழுத்தினேன். முரடு ஒரு துளி இல்லை. குரல் அவ்வளவு பேரின் பாட்டுக்கும் அடியில் போய் நின்றது. பாட்டு முடிந்தும் நான் காலை எடுக்கவில்லை. கீழே ஜெனோ திரும்பி மேலே பார்த்தார், பிறகு, இருக்கட்டும் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

ஜனம் கலைந்ததும் பாயிடம் போனேன். மோட்டார் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"நீரு சொன்னதுதான் வே சரி."

பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும், அண்ணாச்சி."